மூடாமல் விட்ட கண்ணாடி

பாகூர் குழந்தைவேல் சாக வேண்டிய நாளுக்கு அப்புறம் நாலு மாதம் பதினோரு நாள் உயிரோடு இருந்தார். காரணம், ரோஸி மேரியிடம் மயில்கழுத்து நீலம் தீர்ந்துபோயிருந்தது. நிவர் புயல் அடித்த வருஷம் அது. ஏரிக்கரைப் பக்கம் மூணு காணி கரும்பும் ரெண்டு காணி நெல்லும் வைத்திருந்த மனிதர். ஈரல் கெட்டு, வயிறு பானையாக ஊதி, வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள், ரெண்டு நாள்தான் என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார். அவர் மகன் விஜயராஜ் எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிற ஆசாமி. பதினாறாம் நாள் கருமாதியில் படத்திறப்பு நடந்தாக வேண்டும், கண்ணாடியில் எழுதுகிற படம் காய்ந்து சட்டம் போட்டு வர இருபது நாள் ஆகும், ஆகவே அப்பா இழுத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லி வைத்துவிடுவது நல்லது என்று யோசித்து, பைக்கில் ஒதியம்பட்டுக்குப் போய் ரோஸி மேரியைக் கையோடு கூட்டி வந்தான். அந்தப் பக்கத்தில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, பந்தல்காரரிடமும் அப்படித்தான் சொல்லி வைக்கிறார்கள். ரோஸி மேரி கிழவர் முகத்தை அரைமணி நேரம் பார்த்துவிட்டுப் போய், கண், மீசை, வெள்ளைச் சட்டை எல்லாம் எழுதி முடித்தாள். பின்னால் பூச வேண்டிய நீலம் மட்டும் பாக்கி. செத்துப்போன அம்மா படத்துக்கும் அதே நீலம்தான், ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும், வேறு நீலம் ஆகவே ஆகாது என்று விஜயராஜ் பிடித்த பிடியில் நின்றான். அந்த டப்பா பாண்டிச்சேரி முழுக்க ஒரு கடையிலும் இல்லை. அப்புறம் ரோஸி மேரிக்கு சிக்குன்குனியா வந்து மணிக்கட்டு மடங்கவில்லை. குழந்தைவேல் தினமும் காலையில் கண்ணைத் திறந்து, "இன்னைக்கும் இல்லியா?" என்று கேட்டுக்கொண்டு கிடந்தார். பந்தல்காரர் மூன்று தடவை போன் போட்டுப் பார்த்துவிட்டு, மூங்கிலைக் கொண்டுபோய் ஒரு கல்யாணத்துக்கு நட்டுவிட்டார். பங்குனியில் விழுப்புரத்திலிருந்து நீலம் வந்தது. ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு அவள் பூசி முடித்தாள், பதினொன்று ஐந்துக்கு விஜயராஜிடமிருந்து போன் வந்தது.

கண்ணாடியில் படம் எழுதுவது எப்படியென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. சுவரிலோ துணியிலோ எழுதுகிறவர்கள் முதலில் பின்னணியைப் பூசி, அதன் மேல் உடம்பு, உடம்பின் மேல் முகம், கடைசியில்தான் கண் திறப்பார்கள். கண்ணாடியில் எல்லாமே நேர்மாறு. எழுதுவது முதுகுப்பக்கம், பார்ப்பது முன்பக்கம். ஆகவே பார்க்கிறவனுக்கு எது மேலே தெரிய வேண்டுமோ அதை முதலில் வைக்க வேண்டும். கருமணிக்குள் இருக்கிற வெள்ளைப் பொட்டு முதலில், அப்புறம் கருமணி, மூக்குத்தி, நரைமுடி, அதற்குப் பின்னால் கன்னம், சட்டை, கடைசிக்கும் கடைசியாக முதுகுப்பக்கம் முழுவதும் ஒரே நிறத்தைப் பூசி அடைத்துவிட வேண்டும். அதற்கு ரோஸி மேரி வைத்திருந்த பெயர், மூடுவது. மூடுகிற வரைக்கும் அந்த முகத்துக்குப் பின்னால் சுவர் தெரியும், காலண்டர் தெரியும், கொல்லையில் கட்டிய ஆடு தெரியும். கண்ணில் ஒரு பிசகு வந்து, கன்னம் வைத்த பிறகு அது தெரிந்தால் திருத்த முடியாது, எல்லாவற்றையும் பிளேடு போட்டுச் சுரண்டியெடுக்க வேண்டியதுதான். அதனால் கண் விஷயத்தில் அவள் கறாராக இருந்தாள், எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் கண்ணுக்கு ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டாள். இந்த வேலையை அவள் மகளிர் குழுவுக்கு நடந்த மூன்று மாதப் பயிற்சியில் கற்றுக்கொண்டாள். வில்லியனூர் மாதா கோயில் திருவிழாவில் கடை போட்டு, அந்தோணியாரும் சூசையப்பரும் எழுதி விற்றுக்கொண்டிருந்தவள்தான். அந்தப் படங்களால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள்.

குழந்தைவேல் விஷயத்தை யாரும் பெரிதுபண்ணவில்லை. கிழவர் கட்டை கெட்டி, டாக்டருக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அடுத்து பூரணாங்குப்பத்து ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர், ரோஸி மேரிக்குக் கட்டைவிரலைக் கண்ணாடி கிழித்துவிட்டதால் ஒன்றரை மாதம் இழுத்தார். அதற்கடுத்த அம்மாள், மழையில் பெயிண்டு காயாததால் இருபத்தெட்டு நாள். நாலாவது ஆளுக்குத்தான், அவள் மூடுகிற வரைக்கும் உயிர் போகாது என்று ஊருக்கு உறைத்தது. உறைத்ததும் என்ன செய்தார்கள்? ஐயோ அம்மா என்று அலறவில்லை. பாரீசில் இருக்கிற பிள்ளைக்கு போன் போட்டு, டிக்கெட்டை நிதானமாகப் பார்த்து எடு, அப்பா இருப்பார் என்றார்கள். அதிலிருந்து ரெண்டு வருஷம் அவள் வீட்டு வாசலில் கார்கள் நின்றன. விமானம் மெட்ராசில் காலை ஒன்பதுக்கு இறங்கும், ஒரு மணிக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்து அப்பா கையைப் பிடித்துக்கொள்வான், சாப்பாடெல்லாம் ஆகி மூன்று மணிக்கு மூடிவிடு அக்கா என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் செல்போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மணிக்கு மூடுவாள். சாகக் கிடக்கிற ஒரே ஆளுக்கு நாலு தடவை எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்துக் களைத்துப்போன பங்குச் சாமியார், ஐந்தாவது தடவை கூப்பிட வந்தவர்களைப் பார்த்து, "மொதல்ல அந்தப் பொம்பளகிட்ட போயி எத்தினி மணிக்கு மூடப்போறான்னு கேட்டுக்கினு வாங்கையா" என்று எரிந்து விழுந்தார்.

இதில் உள்ள கொடுமையை அவளுக்குத் தெரிவித்தது மணப்பட்டு தையலம்மாள். மூத்த மகளுக்கு துபாயில் லீவு கிடைக்கவில்லை என்று அந்த ஆயாவை மூன்று மாதமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். சட்டம் தேக்கா வேம்பா என்று கேட்கப்போன ரோஸி மேரியை ஆயா கையால் ஜாடை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டாள். "ஏம்மா, நீ கண்ணு வெச்ச அன்னிக்கு நெஞ்சுல இன்னா வலி இருந்துதோ, அத்தே வலி. ஒரு நூல் ஏறல, எறங்கல. மாத்திரையும் கேக்கல. அப்படியே நிக்க வெச்சிட்டியேம்மா" என்றாள். ரோஸி மேரி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கைக்குக் கிடைத்த செங்காவி பெயிண்டை எடுத்து மூடிவிட்டாள். மறுநாள் ஆயாவின் மகன்கள் ஆட்டோவில் வந்து தெருவே பார்க்கச் சண்டை போட்டார்கள். அவளும் சளைக்கவில்லை. பத்து நாளைக்கு மேல் ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன், அது மனுஷ ஜென்மம் செய்கிற வேலையில்லை, பெத்தவளை நிறுத்தி வைக்கிறீங்களே உங்களுக்கு ஈரம் இல்லையா என்று கேட்டாள். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அவள் மகள் லூசியும் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

லூசி ஒரே பிள்ளை. டவுனில் பி.காம். மூன்றாம் வருஷம், நாக்கு நீளம், ஸ்கூட்டியில் போனால் தெருநாய்கள் ஒதுங்கும். அப்பா கில்பர்ட் கொத்தனார், பேசவே காசு கேட்கிற மனிதர், அவரையும் சிரிக்க வைத்துவிடுவாள். வலது தொடையில் வலி என்றபோது ஸ்கூட்டி கிக்கரை உதைத்து உதைத்து வந்ததாக்கும் என்று தைலம் தேய்த்தார்கள். தொடை வீங்கிய பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், எலும்பிலேயே கட்டி, நுரையீரலுக்கும் போய்விட்டது என்றார்கள். எட்டு மாதம் மருந்து ஏற்றிப் பார்த்து, மாசி மாதம் ஒரு அட்டை வலிமாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. போட்டால் கண் சொருகித் தூங்கும், மூன்றாவது மணி தாண்டினால் தொடைக்குள் யாரோ அரம் போடுகிற மாதிரி இருக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

தவக்காலம் பிறந்த முதல் வாரத்தில் ரோஸி மேரி கண்ணாடி வெட்டினாள். வேண்டாம்டி என்றார் கில்பர்ட். அன்றைக்கு அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். பத்தே பத்து நாள்தாங்க, பத்து நாளில் ஏதாவது புது மருந்து வராதா என்றாள் அவள். பத்து நாளில் எங்கே வரும், அவளுக்கே தெரியும். லூசியிடம் போய், "சும்மா ஒரு படம் எழுதலாம்னு பாக்கறேன், இம்மாம் வருஷமா ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் எழுதறேன், உனக்கு ஒண்ணியும் எழுதல" என்றாள். லூசி அவளையே பார்த்துவிட்டு, "எழுதுமா. மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா வெச்சிடு" என்றாள். அங்கேதான் ரோஸி மேரி அந்தத் தப்பைச் செய்தாள். வேறு யாராவது எழுதியிருந்தால் செய்திருக்க மாட்டார்கள். மாத்திரை போட்டால் கண் சொருகிவிடும், சொருகின கண்ணை எப்படி எழுதுவது? தன் பெண்ணின் கண் நன்றாக, முழுசாக, பளிச்சென்று விழித்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ ஆச்சு" என்று சொல்லிச் சொல்லி மாத்திரையைத் தள்ளிப்போட்டாள். மூன்றே முக்கால் மணி நேரம் ஆனபோது லூசியின் கண் அகலமாகத் திறந்து, ஈரம் கட்டி, விளக்கு வைத்தது போல் இருந்தது. அந்தக் கண்ணைத்தான் அவள் வைத்தாள். அவள் கை எழுதியதிலேயே நல்ல கண் அதுதான். பார்த்துவிட்டு அவளே ஒரு நிமிஷம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஓடிப்போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். மாத்திரை கேட்கவில்லை.

தையலம்மாள் சொன்னது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பிளேடை எடுத்துக்கொண்டு சுரண்டப் போனாள், கண்ணாடியில் பிளேடு பட்டதும் லூசி வீல் என்று கத்தினாள், பிளேடு கையிலிருந்து விழுந்துவிட்டது. பாழாய்ப்போனவளே, பாழாய்ப்போனவளே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு அழுதாள். அப்போதே மூடியிருக்கலாம். ஆனால் கண்ணை மட்டும் வைத்துவிட்டு மூட முடியுமா, முகம் வேண்டாமா என்று முகத்தை வைத்தாள். முகம் வந்ததும் தலைமுடி, மருந்து ஏற்றுவதற்கு முன்னால் இருந்தது போல் இடுப்பு வரைக்கும். பிறகு மஞ்சள் சுடிதார். ஒன்பதாம் நாள் மூடுவதைத் தவிர எல்லாம் முடிந்தது. பத்தாம் நாள் அவள் பிரஷைத் தொடவில்லை. பதினோராம் நாள் படத்தைக் கொண்டுபோய் ஜன்னலில் சாய்த்து வைத்தாள். லூசியின் முகத்துக்குப் பின்னால் தெருவும், எதிர்வீட்டு முருங்கையும், வில்லியனூர் போகிற டெம்போக்களும் தெரிந்தன.

அப்படி ரெண்டு வருஷம் ஏழு மாதம். லூசிக்கு நகம் வளரவில்லை, மொட்டைத் தலையில் முடி அரை அங்குலத்தோடு நின்றது. பசியும் நின்ற இடத்தில் நின்றது, ஆசைக்கு நாலு சுண்டல் தின்பாள். வலி உச்சத்தில் நிற்கவில்லை, உச்சத்துக்குப் போவதற்குக் கால்மணி நேரம் இருக்கிற இடத்தில் நின்றது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு பேச முடிந்தது. போனில் படிப்பாள், கூடப் படித்தவர்களின் கல்யாண ஸ்டேட்டஸ் பார்த்துப் புடவைக்கு மார்க் போடுவாள், அப்பாவை வம்புக்கிழுப்பாள். யாராவது கட்டிலைத் தொட்டுவிட்டால் மட்டும் குரல் கிழிந்துபோகும். அந்தக் குரலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பழகிவிட்டார்கள், டிவியில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்கள். ரோஸி மேரி வேறு யாருக்கும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஒதியம்பட்டிலும் சுற்றுப்பட்டிலும் சனங்கள் பழையபடி அவரவர் நேரத்துக்குச் செத்தார்கள், பாரீஸ் பிள்ளைகள் வீடியோவில் அழுதார்கள்.

கில்பர்ட் ஒரு வருஷம் பொறுத்தார். ஒருநாள் பகலில் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, வேலைசெய்கிற வீட்டிலிருந்து மிஞ்சின பிரைமரைக் கொண்டுவந்து, சுவருக்கு அடிக்கிற பிரஷால் கண்ணாடியின் முதுகில் அடித்து மூடினார். லூசி அவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், தடுக்கவில்லை. அவர் கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்தார். ஐம்பத்து மூன்று ஜெபமணியும் உருட்டி முடித்தார், லூசி சாகவில்லை. ரோஸி மேரி வருவதற்குள் பிரைமர் காய்ந்த சேறு மாதிரி உரிந்து தரையில் கொட்டிக்கிடந்தது. கண் வைத்த கைதான் மூட வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு அந்த மனிதர் ஏழு வருஷத்துக்குப் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேசினார். "மணப்பட்டு ஆயாவுக்கு அழுதியே, அவ பிள்ளைங்களுக்கு ஈரம் இல்லன்னியே, உனக்கு இன்னாடி இருக்குது? மூடுடி. உன் காலுல விழறேன், மூடுடி" என்றார். நிஜமாகவே விழுந்தார். அவள் அவர் தலையைத் தடவிக்கொண்டு, "நாளைக்குங்க" என்றாள்.

அந்த 'நாளைக்கு' வருவதற்கு இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அதைக் கொண்டுவந்தவள் அர்ச்சனா, லூசியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். காட்டேரிக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பெண் குழந்தை பெற்று, குழந்தைக்கு ஒன்றேமுக்கால் வயதானபோது தூக்கிக்கொண்டு பார்க்க வந்தாள். லூசிக்குத் தலைகால் புரியவில்லை. குழந்தையைக் கூப்பிட்டு, விரலால் முயல் காட்டி, மியாவ் சொல்லி, அரைமணி நேரம் வலியையே மறந்துவிட்டாளோ என்று நினைக்கும்படி விளையாடினாள். அர்ச்சனா டீ வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் திரும்பினாள். குழந்தை குடுகுடுவென்று ஓடிவந்து கட்டிலில் தாவி ஏறப்போய், அந்த வலது தொடையிலேயே கையை ஊன்றியது. லூசி கத்திய கத்தலில் முருங்கையில் இருந்த காக்காய்கள் எழும்பிவிட்டன. குழந்தை கீழே விழவில்லை, அடிபடவில்லை. ஆனால் அந்த இடத்திலேயே நின்று, சத்தமே வராமல் வாயைத் திறந்துகொண்டு, கால் வழியாக ஒண்ணுக்குப் போனது. அதன் பிறகு லூசி எத்தனை கொஞ்சியும் அவள் பக்கம் திரும்பவில்லை, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கியது. அர்ச்சனா, பரவாயில்ல லூசி, பரவாயில்ல என்று சொல்லிக்கொண்டே கிளம்பிப் போனாள்.

ரோஸி மேரி தரையைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் லூசி, "என்னைப் பாத்துதாம்மா அது பயந்துச்சு. நானு ஒரு பேய் மாதிரி ஆயிட்டேன்" என்றாள்.

"கொழந்தடி அது, அதுக்கு இன்னா தெரியும்."

"ரெண்டு வருஷமா உனக்காவதான் படுத்துக்கினு இருக்கேன். நீ பாவம்னு கேக்கல. இப்ப கேக்கறேன். போதும்மா."

ரோஸி மேரி பிழிந்த துணியை மறுபடியும் பிழிந்தாள். என்னால ஆவாது லூசி என்றாள். ஆவும், ஊருக்கெல்லாம் மணி பாத்து மூடுனவதானே நீ என்றாள் லூசி, சிரித்துக்கொண்டே. அப்புறம் இன்னா கலரு வெக்கப்போறே, அத்த சொல்லு என்று பேச்சை மாற்றினாள். அன்று சாயங்காலம் முழுக்க ரெண்டு பேரும் நிறத்தைப் பற்றித்தான் பேசினார்கள். பழைய டப்பாக்களையெல்லாம் திறந்து, கண்ணாடித் துண்டுகளில் ஒவ்வொன்றாகத் தடவி, ரோஸி மேரி தூக்கிக் காட்டினாள். நீலம் செத்தவங்க கலரு, செங்காவி மாட்டுக்கொட்டா, வெள்ளை ஆஸ்பத்திரி, ரோஸ் வெச்சியானா எழுந்து வந்து அடிப்பேன் என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் லூசி இளம்பச்சைக்கு வந்தாள். சம்பா நடவு முடிந்து பத்து நாளில் பாகூர் ரோட்டில் ரெண்டு பக்கமும் தெரியுமே, அந்தப் பச்சை. கில்பர்ட் வேலை விட்டு வந்து, கைகால் கழுவாமல் சிமெண்டுக் கையோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பொண்ணு கேட்ட பச்சையை வில்லியனூர் போய் அவரே வாங்கி வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மூடத் தொடங்கினாள். சாமியார் வந்து எண்ணெய் பூசிவிட்டுப் போயிருந்தார், இந்தத் தடவை அவர் எரிந்து விழவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கண்ணாடியை மேசையில் கவிழ்த்துப் போட்டு, கீழ் ஓரத்திலிருந்து பூசிக்கொண்டு வந்தாள். பச்சை ஏற ஏற லூசியின் முகத்திலிருந்து வலி இறங்கிக்கொண்டு வந்ததை கில்பர்ட் பார்த்தார், முதலில் தாடை தளர்ந்தது, அப்புறம் நெற்றி. "அப்பா, காலு இல்லாத மாதிரி இருக்குதுப்பா, எம்மாம் லேசா இருக்குது" என்றாள். அதுதான் கடைசி வார்த்தை. கண்ணாடியில் வலது தோளுக்கு மேலே, புளியங்கொட்டை அளவுக்கு ஓர் இடம் பாக்கி இருந்தது. ரோஸி மேரி பிரஷை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள், பெண் போய்விட்டிருந்தாள். அந்தப் புளியங்கொட்டையை அவள் மூடவில்லை. ஒரு துளி, எங்கேயாவது ஒரு மூலையில் ஒரு துளி லூசி தங்கட்டும் என்று விட்டாள். சிரிப்போ, அந்த வாயாடித்தனமோ, ஸ்கூட்டி சத்தமோ, எதுவாயிருந்தாலும் சரி. பெற்றவள் வேறென்ன நினைப்பாள்?

அடக்கம் மறுநாள் நடந்தது. மூன்றாம் நாள் பூசை முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, கட்டில் துணியை மடிக்கலாம் என்று ரோஸி மேரி அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அம்மா என்று கத்திக்கொண்டு எழுந்தாள். வலது தொடைக்குள் அரம். நின்றால் ஒன்றுமில்லை. மறுபடி உட்கார்ந்து பார்த்தாள், அதே வலி, உச்சத்துக்குக் கால்மணி நேரம் இருக்கிற வலி. வாசனை இல்லை, பேச்சு இல்லை, பெண் இல்லை. அவள் விட்டுவைத்த இடத்தில் தங்கியது அது ஒன்றுதான். பக்கத்துத் தெரு தேவியும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆமாம் அக்கா, லூசி சொல்லுமே அதே வலிதான் என்று தொடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

கில்பர்ட் பச்சை டப்பாவை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். இத்தயும் மூடிடு ரோஸி, வலியை வெச்சிக்கினு இன்னா பண்றது என்றார். அவளும் பிரஷைக் கழுவினாள், டப்பாவைத் திறந்தாள், கண்ணாடியைக் கவிழ்த்தாள். அப்புறம் பிரஷைக் கீழே வைத்துவிட்டாள். "மூடுனா இது எங்கங்க போவும்?" என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. "நா வெச்ச வலி இது. மாத்திரை தராம நிக்க வெச்சி நா வெச்சது. இங்க இருக்குதுன்னா அவகிட்ட இல்லன்னுதானே அர்த்தம். மூடித் தொரத்திட்டா அவளத் தேடிக்கினு போயிடுச்சின்னா?" சாமியாரிடம் கேட்டார்கள். மோட்சத்தில் வலி கிடையாது என்றார் அவர். நிச்சயமாகச் சொல்லுங்கள் சாமி, என் பெண் விஷயம், நிச்சயமா என்று அவள் கேட்டாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கண்ணாடியை அப்படியே சட்டம் போட்டு மாட்டினார்கள். பச்சைக்கு நடுவில் அந்தத் துளி இடத்தில் சுவரின் சுண்ணாம்பு தெரிகிறது, தெரியாதவர்கள் பூச்சி அரித்தது என்று நினைப்பார்கள். கட்டில் காலியாகக் கிடந்தால் அந்த வலி கிளம்பி லூசியைத் தேடிப் போய்விடுமோ என்று ரோஸி மேரி அதில் படுத்தாள். முதல் வாரம் எழுந்திருக்கவே இல்லை, வீட்டில் அடுப்பு எரியவில்லை. தேவி கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டாள், முகத்தைத் துடைத்துவிட்டாள். கில்பர்ட் வேலைக்குப் போவார், வருவார், அவள் பல்லைக் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்.

இப்போதும் அந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள், கட்டிலில் உட்காராதீங்க என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள், யாரும் காரணம் கேட்பதில்லை. கல்யாணம் காரியம் என்று ரெண்டு பேரும் வெளியூர் போக வேண்டியிருந்தால் தேவி வந்து படுக்கிறாள். ஒருதடவை அர்ச்சனா காட்டேரிக்குப்பத்திலிருந்து வந்து, குழந்தையைத் தெருவில் விளையாட விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்திருந்தாள். மற்றபடி முறை போட்டாயிற்று. காலை முதல் சாயங்காலம் வரை ரோஸி மேரி. ஐந்தரை மணிக்கு கில்பர்ட் வேலை விட்டு வந்து, கைகால் கழுவி, லுங்கி மாற்றிக்கொண்டு, கட்டிலின் பக்கத்தில் வந்து நிற்பார்.

"எழுந்திரு. போயி ரெண்டு வாய் சோறு துன்னு" என்பார்.

அவள் எழுந்து, படுக்கை விரிப்பை நீவி விடுவாள். அவர் வலது காலை முதலில் தூக்கி வைத்துப் படுத்துக்கொள்வார்.